மாவில் விழுந்த குழிகள்

நான் கல்யாணமாகி வில்லியனூருக்கு வந்தபோது பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. மளிகைக்கடை வைத்திருந்த என் மாமனாருக்கு எதன் மேலும் நம்பிக்கை கிடையாது. நயா பைசாவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். புதிதாக வந்த போலீஸ்காரர் கும்பிட்டால்கூட, எதற்குக் கும்பிடுகிறான் என்பார். அந்த வரிசையில் நானும் சேர்ந்தேன்.

கடையில் அரிசி மாவு விற்றோம். இடித்த மாவைச் சூட்டோடு மூடினால் மக்கின வாடை வரும். அதனால் ராத்திரி முழுக்க அகலமான மரத்தொட்டியில் திறந்தே கிடக்கும். கடை சாத்தும்போது மாமனார் மாவை உள்ளங்கையால் சமமாகத் தடவி, நடுவில் ஐந்து விரலையும் பதித்துவிட்டு வருவார். களத்தில் நெல் குவியலுக்குச் சாணிக் குறி போடுகிற மாதிரிதான். யார் கை வைத்தாலும் காலையில் தெரிந்துவிடும்.

ஒரு மழைக்காலத்தில் மாவில் குழிகள் விழ ஆரம்பித்தன. விரல் குறி அப்படியே இருக்கும், சுற்றிலும் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குழி. கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே கதவு. மாமனார் என்னைக் கேட்கவில்லை, என் புருஷனைக் கேட்டார்.

"பாகூருக்கு இன்னாடா போவுது நம்ம வூட்லேந்து?"

பாகூர் என் பிறந்த வீடு. என் அண்ணன் வந்திருந்தபோது, நகர்த்தி வைக்கிற சாக்கில் மாமியார் அவர் பையை அமுக்கிப் பார்த்தார்.

"இன்னொரு தபா ஆச்சுன்னா இவள இட்டுனு போயி அங்கியே வுட்டுடு" என்று மாமனார் சொன்னது அடுப்படி வரை கேட்டது. என் புருஷன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து அவரையும் நான் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தேன்.

இரண்டொரு நாளில் மறுபடி குழி. சாட்சிக்கு இருக்கட்டும் என்று மாமனார் அதைக் கலைக்காமல் வைத்துவிட்டார். நான் உள்ளே உட்கார்ந்து, பொட்டலம் மடிக்க எடைக்கு வாங்கிய பழைய செய்தித்தாள்களைக் கிழித்துக்கொண்டிருந்தேன். ஒரு தாளில் நிலாவின் படம். அப்போது எங்கே பார்த்தாலும் ராக்கெட் பேச்சு. படம் முழுக்கக் குழிகள், ஒவ்வொன்றையும் சுற்றி வரப்பு போட்டதுபோல் மேடு. எரிமலை என்று சிலர் சொன்னாலும், வானத்திலிருந்து கல் விழுந்து மண்ணை நாலா பக்கமும் வாரியடித்ததால் வந்தவை என்று எழுதியிருந்தார்கள். அங்கே காற்றும் மழையும் இல்லை, அதனால் எத்தனை காலமானாலும் தூராதாம்.

எழுந்து போய்த் தொட்டியைப் பார்த்தேன். எங்கள் குழிகளுக்கும் வரப்பு இருந்தது. ஒன்றின் அடியில் விரலை விட்டால், பட்டாணி அளவு சுண்ணாம்புக் காரைத் துண்டு. வெள்ளை மாவில் வெள்ளைக் காரை, யார் கண்ணுக்குத் தெரியும்?

"மாமா, கொஞ்சம் வந்து பாருங்க."

அவர் எதிரிலேயே ஓரமாக ஒரு சிட்டிகை அள்ளினேன். வெறும் பள்ளம். பிறகு அந்தக் காரையைக் கை உயர்த்திப் போட்டேன். துண்டைவிடப் பெரிய குழி விழுந்தது, சுற்றிலும் மேடு, அதைத் தாண்டி மாவுச் சிதறல்.

"கையால அள்ளுனா வரப்பு நிக்காது மாமா."

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து தலைக்கு மேலிருந்த தளத்தைப் பார்த்தார். "மழ ஈரத்துல காரை வுடுது" என்றார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கொத்தனார் வந்து தளத்தைப் பூசினார். பாகூர் பேச்சு நின்றது. விட்டது சனி என்றிருந்தேன்.

பூச்சு காய்ந்த அன்று சாயங்காலம் கடையில் விளக்கேற்றப் போனேன். மாமனார் மாவைத் தடவிக்கொண்டிருந்தார். ஐந்து விரலையும் பதித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தளம் பூசியாச்சு. இனிமே குழி வுழுந்தா யாருன்னு தெரிஞ்சிடும்" என்றார்.