‘எங்கனா வியுந்தியா?’ என்று கேட்ட ஸ்டெல்லா

ஞாயிறு காலை உத்திரமேரூர் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. நர்ஸ் ஸ்டெல்லா மாரடைப்பில் போய்விட்டார். மீன்காரம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “எங்க ஸ்டெல்லாம்மாவா?” என்றார். உங்களில் பலரும் அப்படித்தான் கேட்டிருப்பீர்கள்.

அவரோடு பதினோரு ஆண்டுகள் ஒரே மருத்துவமனையில், மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தேன். அவர் சிரிப்பு என் அறைவரை கேட்கும். அதைச் சொன்னால், “நாத்து நட்டவ பொண்ணு சார். அடுத்த கயனிக்குக் கேக்க வாணாமா?” என்பார்.

தலைவலி என்று யார் வந்தாலும், “எங்கனா வியுந்தியா?”, அதாவது எங்காவது விழுந்தாயா என்பதே அவருடைய முதல் கேள்வி. ஒரு வளைகாப்பில் தலையைப் பிடித்துக்கொண்டு நின்ற சமையல்காரரையும் விடவில்லை. அவருக்கு அடுப்புப் புகைதான் காரணம்.

மானாம்பதி விவசாயி முனுசாமியை ஒருநாள் மகளும் மருமகனும் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். பத்து நாளாகத் தலைவலி, பகலிலும் தூக்கம், பேச்சில் குழறல். “குடிய வுட்டா சரியாப் பூடும்,” என்றார் மருமகன். டாக்டர் பிரசவ அறையில் இருந்தார். அவர் வரும்வரை தாங்கட்டும் என்று நான் வலி மாத்திரையை நீட்டினேன். ஸ்டெல்லா என் கையைப் பிடித்துத் தடுத்தார்.

முனுசாமியிடம் சாராய வாடையே இல்லை. இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார். வலக்கை தானாகத் தாழ்ந்தது. வழக்கமான கேள்விக்கு மகள் யோசித்துச் சொன்னார்: “மூணு வாரம் முன்ன பம்புசெட் ரூம் வாசல்ல மண்டைய இடிச்சிக்கினாரு. வீங்கக்கூட இல்லியே!”

இதயத்துக்காக ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை முனுசாமி தினமும் சாப்பிடுவதும் தெரிந்தது. “உள்ள மெல்ல ரத்தம் கசிஞ்சி மூளைய அமுக்கிக்கினு கீது போல,” என்று ஸ்டெல்லா ஓடிப்போய் டாக்டரை அழைத்து வந்தார். டாக்டருக்கும் அதே சந்தேகம். உடனே ஸ்கேன் வேண்டும், தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்றார்.

“நாளைக்கு நடவு கீதும்மா, முடிச்சிட்டு இட்டுனு போறேன்,” என்றார் மருமகன்.

“நடவுக்கு வேற ஆள் கெடைக்கும். மாமனாருக்கு வேற மண்ட கெடைக்குமா? ஏறுய்யா வண்டில!”

ஆம்புலன்சில் தானும் ஏறிக்கொண்டார். பெரிய மருத்துவமனையில் அன்றே மண்டையோட்டில் இரண்டு சிறு துளைகள் இட்டு ரத்தத்தை வடித்தார்கள். அடுத்த மாதம் முனுசாமி தானே நடந்து, ஒரு பை வேர்க்கடலையோடு வந்தார்.

“இன்னாண்ணா, உள்ள இப்ப காத்தோட்டமா கீதா?” என்றார் ஸ்டெல்லா. முனுசாமி சிரித்த சிரிப்பில் கடலை பாதி தரையில் கொட்டியது.

சீட்டை மட்டும் பார்த்து மாத்திரை எடுத்தவன் நான். இப்போது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஆளைப் பார்த்து, இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன். ஸ்டெல்லா எனக்கு விட்டுச்சென்றது அதுதான். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.