மேற்கே சூலம்

இது நடந்து இன்னும் இரண்டு வருடம் முழுதாக ஆகவில்லை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் எனக்கு ஒரு டிராவல்ஸ் கடை. பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வருகிறவர்கள் உட்கார நாலு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் ஒரு தினசரி காலண்டர். எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. ஆனால் சுற்றுப்பட்ட கிராமங்களில் இருந்து குவைத், துபாய், சிங்கப்பூர் என்று விமானம் ஏறுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு.

அந்தக் காலண்டரைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். யாராவது ஒரு தேதி சொன்னால் உடனே டிக்கெட் போட்டுவிட மாட்டேன். எழுந்து போய்க் காலண்டரைப் புரட்டுவேன். ராகு காலம், அஷ்டமி, நவமி எல்லாம் பார்த்துவிட்டு, முக்கியமாகச் சூலம் பார்ப்பேன். எந்தக் கிழமையில் எந்தத் திசைக்குப் பயணம் ஆகாது என்று தாளின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்களே, அதுதான். அரபு நாடெல்லாம் நமக்கு மேற்கே. வெள்ளியும் ஞாயிறும் மேற்கே சூலம். அந்த இரண்டு கிழமைகளில் வளைகுடாவுக்குப் போகிறவர்களை நான் கூடியவரை வேறு நாளுக்குத் திருப்பிவிடுவேன். 'அவரு நாள் பாத்துக் குடுப்பாருய்யா' என்று எனக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரில் எனக்கு மண்டைக்கனமும் உண்டு. இருந்தது என்று சொல்ல வேண்டும்.

அந்தக் கோடையில் குன்னம் பக்கத்துக் கிராமத்தில் இருந்து ஒருவர் மனைவியோடு வந்தார். நாற்பதை எட்டாத வயது. குவைத்தில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிற வேலை. இரண்டு மாத லீவில் வந்தவர், வந்த பத்தாம் நாளே அரியலூர் ரோட்டில் பைக்கில் இருந்து விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டார். உள்ளே கம்பி வைத்து, படுத்துக் கிடந்து, ஊன்றுகோலோடு நடந்து பழகி, அப்படியே ஐந்து மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது.

அவருடைய விசாவில் ஒரு சிக்கல். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அது தானாகவே செத்துப்போகும். அவர் குவைத்துக்குள் கால் வைக்க வேண்டிய கடைசி நாள் ஒரு வியாழக்கிழமை. கம்பெனி மேனேஜர் நல்ல மாதிரி. 'இனிமேல் நீ சாரத்தில் ஏற வேண்டாம், ஸ்டோரில் உட்கார்ந்துகொள், ஆனால் தேதிக்குள் வந்துவிடு' என்று சொல்லியிருந்தாராம். விசா போய்விட்டால் எல்லாம் முதலில் இருந்து. புது மெடிக்கல் எடுக்க வேண்டும். கம்பி வைத்த காலைப் பார்த்துவிட்டு எந்தக் கம்பெனி கூப்பிடும்? அந்த ஒரு விசாவை விட்டால் அவருக்கு வேறு வழி இல்லை. இதையெல்லாம் அவர் ஒன்று விடாமல் என்னிடம் சொன்னார். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

"வர்ற வெள்ளிக்கெழமையே போட்ருங்கண்ணே. ஆறு நாள் முன்னாடியே போயிட்டா நிம்மதி" என்றார்.

நான் எழுந்தேன். காலண்டரைப் புரட்டினேன். வெள்ளிக்கிழமை, மேற்கே சூலம். ஆகாது என்றேன். தனக்கு அதெல்லாம் பழக்கமில்லை என்று அவர் சிரித்தார். நான் விடவில்லை. அவர் பைக்கில் இருந்து விழுந்த தேதியைக் கேட்டு, எடுத்து வைத்திருந்த பழைய காலண்டரைத் தேடிப் பார்த்தேன். அன்றைக்கு அஷ்டமி. அதை அவர் மனைவியின் பக்கம் திரும்பிச் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் அப்படியே மாறிவிட்டது.

"அண்ணந்தான் சொல்றாங்கல்ல, கேளுங்களேன். மறுபடியும் ஒன்னுகெடக்க ஒன்னு ஆச்சுன்னா நான் தாங்க மாட்டேன்" என்றாள்.

அவர் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரி என்றார். சனிக்கிழமை சீட் இல்லை, ஞாயிறு மறுபடியும் சூலம், திங்களும் செவ்வாயும் அஷ்டமி, நவமி. புதன்கிழமை மத்தியானம், திருச்சியில் இருந்து நேராகக் குவைத் போகிற விமானத்தில் போட்டேன். கையில் ஒரு நாள் மிச்சம். பிரமாதமான நாள் என்று என் வாயாலேயே சொல்லி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை டீக்கடையில் பேப்பர் புரட்டிக்கொண்டிருந்தபோது உள்பக்கத்தில் ஒரு செய்தி கண்ணில் பட்டது. நான் டிக்கெட் போட்ட அதே விமான கம்பெனி. இன்னொரு கம்பெனியோடு அதைச் சேர்க்கிறார்கள், அதில் பழைய ஊழியர்களின் சீனியாரிட்டி போகிறது, எதிர்த்துக் கேட்டவர்களை ஊர் மாற்றுகிறார்கள் என்று விமானத்துக்குள் வேலை பார்க்கிறவர்களின் சங்கம் புகார் சொல்லிக்கொண்டிருந்தது. நிர்வாகம் அதெல்லாம் இல்லை என்றது. தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தை முறிந்துவிட்டதாகச் செய்தி.

படித்தேன். நன்றாகப் படித்தேன். அந்த நிமிடமே போன் போட்டிருந்தால் திங்கட்கிழமை வேறு கம்பெனி விமானத்தில் மாற்றியிருக்கலாம், சீட் இருந்தது. ஆனால் என்னவென்று சொல்லி மாற்றுவது? பிரமாதமான நாள் என்று சொன்ன வாயால் எப்படிச் சொல்வது? இவர்கள் எப்போதும் இப்படித்தான், கடைசி நேரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பேப்பரை மடித்து வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை வெடித்தது. ஸ்டிரைக் என்று யாரும் அறிவிக்கவில்லை. விமானத்துக்குள் வேலை பார்க்கிறவர்கள் ஒரே நேரத்தில், ஊர் ஊராக, உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிட்டார்கள். அங்கங்கே விமானங்கள் ரத்து. எங்கள் விமானம் மட்டும் சரியான நேரம் என்றே காட்டிக்கொண்டிருந்தது. புதன்கிழமை காலையில் அவர்கள் வாடகை வேனில் கிளம்பினார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். அவர் அதைப் பெரிய மரியாதையாக எடுத்துக்கொண்டு எனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்தார்.

ஏர்போர்ட் வாசலிலேயே தெரிந்துவிட்டது. பெட்டிகளின் மேல் உட்கார்ந்துகொண்டு ஜனங்கள், குழந்தைகள், கத்தல். விமானம் ரத்து. வேண்டுமானால் சனிக்கிழமை சீட் தருகிறோம் என்றார்கள். சனிக்கிழமையை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

என் போனில் தேடு தேடென்று தேடினேன். திருச்சி, சென்னை, கொச்சி எதிலும் வியாழனுக்குள் போய்ச் சேருகிற மாதிரி இல்லை. கொழும்பு வழியாக ஒரே ஒரு சீட் காட்டியது. அவருடைய பாஸ்போர்ட் நம்பரை அடித்து முடிப்பதற்குள் அதுவும் போய்விட்டது. அவர் மேனேஜருக்குப் போன் போட்டார். என் கையில் எதுவும் இல்லை, தேதி தாண்டினால் கம்ப்யூட்டரே விசாவை அழித்துவிடும், உனக்கு என்று வைத்த இடத்துக்கு வேறு ஆள்தான் போட வேண்டும் என்று அந்த மனிதரும் வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் வர வேண்டுமோ அவன்மேல் வரவில்லை. விசாரிக்கிற இடத்தில் யூனிபார்ம் போட்டு நின்றிருந்த ஒரு பெண்ணிடம் பாய்ந்தேன். உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டீர்களே, ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டீர்களே என்று என்னென்னவோ கத்தினேன். தான் வெறும் காண்டிராக்ட் ஆள், விமானத்துக்குள் போகிறவளே இல்லை என்று அந்தப் பெண் அழுகிற குரலில் சொன்னாள். அப்போதும் நான் நிறுத்தவில்லை.

அவர்தான் தாங்கித் தாங்கி நடந்து வந்து என் கையைப் பிடித்து இழுத்தார்.

"உடுங்கண்ணே. அந்தப் புள்ள என்ன பண்ணும். லீவு போட்டவங்களுக்கும் என்ன கஷ்டமோ."

உங்கள் வேலையே போகிறது, நீங்கள் அவர்களுக்குப் பரிந்து பேசுகிறீர்களே என்றேன். அவர் ஓரமாக ஒரு தூணில் சாய்ந்துகொண்டு ஒரு விஷயம் சொன்னார். குவைத்தில் அவர் தங்கியிருந்த லேபர் கேம்ப்பில் ஒரு கோடையில், உச்சி வெயில் நேரத்தில் சாரத்தில் ஏற முடியாது என்று பதினோரு பேர் கீழே உட்கார்ந்துவிட்டார்களாம். மறுநாள் காலையில் ஒரு வேன் வந்தது. பதினோரு பேரையும் ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள்.

"என்னையும் கூப்ட்டாங்கண்ணே. நான் உக்காரல. ஏறிட்டேன். அதான் இத்தன வருசம் இருந்தேன்" என்றார்.

பிறகு கொஞ்ச நேரம் தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எனக்கு டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார்.

அதே வேனில் திரும்பினோம். பெரம்பலூரில் நான் இறங்கியபோது, அவர் மனைவி கயிறு கட்டிய பெட்டியைப் பிரித்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். குவைத்தில் அவர் ரூமில் இருக்கிறவர்களுக்கென்று கட்டி வைத்த சின்ன வெங்காயம். அவர்கள் காட்டில் விளைந்தது.

"இனிமே இது எதுக்குங்கண்ணா. நீங்க வேலவெட்டிய உட்டுட்டு எங்களுக்காக வந்தீங்க. வூட்டுல குடுங்க" என்றாள்.

வாங்கிக்கொண்டேன். வீட்டில் அதைப் போட்டுக் குழம்பு வைத்தார்கள். ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. எழுந்து கை கழுவிவிட்டேன்.

மறுநாள், அதாவது அந்தக் கடைசி வியாழக்கிழமை சாயங்காலம், நிர்வாகமும் சங்கமும் சமாதானமாகிவிட்டதாகச் செய்தி வந்தது. இதற்காக வேலையை விட்டு நீக்கிய சிலரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், லீவு போட்டவர்களுக்கு உடம்பு சரியாகிவிட்டது. சனிக்கிழமை விமானம் நேரத்துக்குப் பறந்தது. நான் கடையில் தனியாக உட்கார்ந்து, வேண்டாம் என்று மனசு சொல்லச் சொல்ல, இன்னொன்றையும் தேடிப் பார்த்தேன். சூலம் என்று நான் தள்ளிய அந்த வெள்ளிக்கிழமை விமானம். அதுவும் சரியான நேரத்துக்குத்தான் போயிருந்தது.

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் அவரைப் பார்க்கவில்லை. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஃபேக்டரியில் காண்டிராக்டில் சேர்ந்திருக்கிறார், லாரிகளை நிறுத்தி எடை போடுகிற இடத்தில் வேலை என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஒருநாள் சென்னைக்கு ரயில் பிடிப்பதற்காக அரியலூருக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். வழியில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஃபேக்டரி கேட்டுக்கு எதிரே காண்டிராக்ட் ஆட்கள் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார் கண்டக்டர். பஸ்ஸுக்குள் ஆளாளுக்குத் திட்ட ஆரம்பித்தார்கள். ஒரு அம்மா மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருக்கிறாளாம், பதறிப்போய் அழுதாள். எனக்கும் ரயில் போய்விடும். ஆனால் திட்ட வாய் வரவில்லை. இறங்கி நடந்தேன்.

முன்வரிசையிலேயே அவர் இருந்தார். எல்லாரும் சம்மணம் போட்டிருக்க, மடக்க முடியாத காலை நீட்டிக்கொண்டு அவர் மட்டும் தனியாகத் தெரிந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துகொள்ளப் பார்த்தார். வேண்டாம் என்று நானே பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைக்கிறார்கள், ஏன் என்று கேட்ட நாலு பேரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள், அதனால்தான் என்றார். இந்தத் தடவை உட்கார்ந்துவிட்டேன் என்று சொல்லி லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குள் இருந்தது தாங்காமல் வந்துவிட்டது.

"தம்பி, அந்த வெள்ளிக்கெழம பிளைட்டு போயிருக்கு. நாந்தான் உங்கள..."

"தெரியும்ணே. அன்னிக்கு ஏர்போர்ட்லயே போன்ல பாத்துட்டேன்."

அந்த டீயை வாங்கிக் கொடுப்பதற்கு முன்னால் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அது இதுதான். ஏன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா எம் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சிரும். நாள மாத்தச் சொன்னது அவதான. அந்த வெள்ளிக்கெழம சமாச்சாரம் தெரிஞ்சா காலத்துக்கும் மனசொடிஞ்சு போயிருவா. அவகிட்ட மட்டும் சொல்லிராதீங்கண்ணே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் நான் படித்த செய்தியையும் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. போலீஸ் வந்து அவர்களை எழுப்ப ஆரம்பித்தது. அவர் எழுந்து நிற்க என் தோளைப் பிடித்துக்கொண்டார். என் ரயில் போய்விட்டது. உட்கார்ந்தவர்களில் பாதிப் பேரை மறுநாள் உள்ளே விடவில்லை என்றும், அதில் அவரும் ஒருவர் என்றும் பிறகு தெரிந்தது. இப்போது ஊரில்தான் இருக்கிறார், வாசலில் உட்கார்ந்து மக்காச்சோளம் உரித்துக் கொடுக்கிறார்.

காலண்டர் இன்னும் என் கடைச் சுவரில் தொங்குகிறது. தினமும் தாள் கிழிக்கிறேன், ஆனால் யாருக்கும் நாள் பார்த்துச் சொல்வதில்லை. என்றைக்குப் போக வேண்டும் என்கிறார்களோ அன்றைக்கே போட்டுக் கொடுத்துவிடுகிறேன். பேப்பரில் எங்காவது ஸ்டிரைக் என்று ஒரு வரி வந்தால் டிக்கெட் போட்ட அத்தனை பேருக்கும் போன் பண்ணுகிறேன். யார் பெயரும் எழுதாமல் இதை எழுதுவது அந்தப் பெண்ணுக்காக. அவள் செய்யாத தப்பை அவளுக்குத் தெரியாமல் அவள் புருஷன் மூடி வைத்திருக்கிறார், அதற்குள்ளேயே என்னுடையதும் பத்திரமாக மூடிக் கிடக்கிறது என்கிற நினைப்பு இன்றுவரை என்னை நிம்மதியாக ஒரு டீ குடிக்க விடுவதில்லை.