திறக்கக் கூடாத மெஷின்

வெட்டிச் சாய்த்த புளியமரத்தின் பச்சை வாசனை...

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது அதுதான். கள்ளக்குறிச்சி ரோடு நெடுக மரங்கள் குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை, ஜீப் இல்லை.

அப்போது நான் கல்வராயன் மலையடிவாரத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். வேலைக்குச் சேர்ந்த புதிது. டாக்டர் மறியலுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்.

மத்தியானம் மலையிலிருந்து பொன்னி என்ற பெண்ணை டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். தலைப்பிரசவம். பனிக்குட நீர் பச்சையாக வந்தது. குழந்தை உள்ளேயே மலம் கழித்துவிட்டது. பிறந்ததும் தொண்டையில் இருப்பதை உறிஞ்சி எடுக்க வேண்டும்.

அதற்கென்று காலால் மிதிக்கும் சக்‌ஷன் மெஷின் இருந்தது. மிதித்துப் பார்த்தேன்... இழுக்கவில்லை.

நல்லவேளை, அதோடு வந்த புத்தகம் அலமாரியில் இருந்தது. ஒவ்வொரு பாகத்துக்கும் படம். 'இழுவை இல்லையென்றால்' என்று தனியாக ஒரு பக்கம். ரப்பர் வால்வை அசல் அளவிலேயே வரைந்திருந்தார்கள். அதன்மேல் ரப்பரை வைத்து வெட்டிக்கொள்ளலாம்.

தரையில் உட்கார்ந்து மெஷினைப் பிரித்தேன். அந்த வால்வுதான் வெடித்துப் போயிருந்தது. அப்போது பொன்னியின் புருஷன் அண்ணாமலை வந்து நின்றார்.

"இன்னா நர்ஸம்மா... அவ துடிச்சிக்கினு இருக்கா, நீங்க இதைப் பிரிச்சிப் போட்டுக்கினு இருக்கீங்க?"

"இது ஓடலைன்னா புள்ளை தங்காதுண்ணே. வெளிய என் சைக்கிள் இருக்குது. டியூபை உருவிக்கினு வாங்க."

அவர் ஓடிப்போய் உருவிக்கொண்டு வந்தார்.

வெட்டி, வெந்நீரில் அலசி, மாட்டினேன். குழாய் முனையில் உள்ளங்கையை வைத்தேன். வெடுக்கென்று இழுத்தது.

பெண் குழந்தை. நீலம் பாரித்து, அசைவில்லாமல் பிறந்தது. அண்ணாமலை மிதிக்க மிதிக்க நான் உறிஞ்சி எடுத்தேன். முதலில் ஒரு முனகல்... அப்புறம் அழுகை.

ஆனால் பொன்னிக்கு உதிரம் நிற்கவில்லை. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. சாயங்காலம் போய்விட்டாள். அதைச் சரிசெய்ய என்னிடம் எந்தப் புத்தகமும் இல்லை.

இப்போது ரிட்டையராகிக் கள்ளக்குறிச்சியில் இருக்கிறேன். போன மழைக்காலத்தில் என் வீட்டுக்காரருக்கு நுரையீரல் கெட்டு, வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைத்திருந்தோம். ஒரு காலையில் அது பீப் அடித்துவிட்டு நின்றது.

கூட வந்தது ஒரே ஒரு மடித்த தாள். 'திறக்காதீர்கள், கஸ்டமர் கேரைக் கூப்பிடுங்கள்.' அதையே வெவ்வேறு மொழிகளில் போட்டிருந்தார்கள். திருகாணியின் தலையே விசித்திரமாக இருந்தது, வீட்டிலிருந்த எந்த ஸ்க்ரூ டிரைவரும் பொருந்தவில்லை. போனில் ஒரு பெண், "டெக்னீஷியன் நாளைக்கு வருவாருங்க மேடம்" என்றாள்.

ஆம்புலன்ஸில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் டெக்னீஷியன் பையன் வந்தான். வாசலில் பந்தலைப் பார்த்துவிட்டு வண்டியை விட்டு இறங்கவே தயங்கினான்.

"சாரிங்க மேடம்..."

"உள்ள இன்னா கெட்டுப்போச்சுப்பா?"

"தெரியாதுங்க மேடம். எங்களையும் தொறக்கக் கூடாதுன்னுட்டாங்க. மாத்தி மட்டுந்தான் குடுப்போம்."

பையிலிருந்து செல்போனை எடுத்துப் பார்த்தான்.

"மேடம்... தப்பா எடுத்துக்காதீங்க. உங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும். அதைச் சொன்னாத்தான் கம்ப்ளெய்ன்ட் க்ளோஸ் ஆவும்."

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, அந்த நம்பரைப் படித்துச் சொன்னேன்.