உப்பளம் என்று அடித்தால் புதுச்சேரி வரும்

2005இல் மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் காலையில் கடையைத் திறந்து கூட்டித் துடைக்கிற வேலை பார்த்தேன். அதற்கு முன்னால் பல வருஷம் உப்பளத்தில் உப்பு வாரினேன். படிப்பு ஐந்தாவது. இங்கிலீஷ் எழுத்து அடையாளம் தெரியும், சேர்த்துப் படிக்க வராது. யாராவது பேச்சுக் கொடுத்தால் தலையைக் குனிந்துகொள்வேன். வேலை பார்த்துக்கொண்டே தபாலில் படிக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

திரும்பி வந்த அசைன்மென்ட்

நசீமா சிஸ்டர் கூனிமேட்டுக்காரர். அரசு சுகாதார நிலையத்தில் நர்ஸ். தபாலில் டிகிரி படித்துக்கொண்டிருந்தார். உப்பளத் தொழிலாளர் உடல்நலம் பற்றி அவர் எழுதி அனுப்பிய அசைன்மென்ட், ‘ஆதாரம் எங்கே?’ என்று சிவப்பு மையில் எழுதித் திரும்பி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் ஆதாரத்தோடு அனுப்பாவிட்டால் அந்த வருஷம் பரீட்சை எழுத முடியாது. பெரிய லைப்ரரிக்குப் போகலாம் என்றால் லீவு கிடையாது. காலையில் டூட்டி பஸ் வருவதற்கு முன்னால் கொஞ்ச நேரம்தான் அவருக்கு. அந்த நேரத்தில் நெட்டில் தேட எங்கள் கடைக்கு வந்தார்.

முதல் நாள் ‘உப்பளம்’ என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்தார். புதுச்சேரியில் அந்தப் பெயரில் ஒரு பேட்டை இருக்கிறது. அங்கே நடந்த புட்பால் மேட்ச் சேதியாக வந்தது.

கடை முதலாளி சேகர் எட்டிப் பார்த்தார். “இன்னா சிஸ்டர், மேட்ச் பாக்கப் போறீங்களா?”

அடுத்து, உப்பளத்துக்கு இங்கிலீஷில் சொல்கிற ‘சால்ட் பேன்’ என்று அடித்தார். வாணலியும் தோசைக்கல்லும் வந்தன.

“யா அல்லா! நான் உப்பளத்தைக் கேட்டா இது பாத்திரக் கடையத் தொறக்குது!”

நெட் லைன் அவ்வளவு மெதுவு; ஒரு பக்கம் மேலேயிருந்து கீழே வரை திறப்பதற்குள் பஸ் ஹாரன் அடித்துவிட்டது.

கூச்சம்

மறுநாள் நான் துடைத்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார். “அக்கா, நீங்க உப்பு வாரினவங்கதானே? இங்க வந்து பாருங்க.”

பக்கத்தில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.

“என்னாண்ட இன்னாக்கா கூச்சம்?”

“உங்களாண்ட இல்ல சிஸ்டர். கண்ணு கூசுது. பளிச்சுனு வெள்ளையா எத பாத்தாலும் தண்ணியா ஊத்துது. உப்பு மேல வெயில் அடிக்குமே, அத பாத்துப் பாத்து இப்பிடி ஆயிடுச்சு.”

சிஸ்டர் மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“உங்களுக்கு மட்டுமா?”

“என்கூட வாரினவங்க நெறைய பேருக்கு இருக்குது.”

“அட! நான் எடத்தத் தேடிக்கினு இருக்கேன். நோவ இல்ல தேடணும்!”

உப்புத் தொழிலாளி, கண், கூசும் வெளிச்சம். மூன்றுக்கும் இங்கிலீஷ் வார்த்தையை வரிசையாக அடித்தார். எங்கோ வடக்கே உப்பு வாருகிறவர்களின் கண்ணைப் பற்றி டாக்டர்கள் எழுதிய கட்டுரைகளின் தலைப்பு ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தது. திறந்து படிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது.

சிஸ்டர் என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் பேனாவால் பெரிய எழுத்தில் அந்த வார்த்தைகளை எழுதினார். “நாளைக்குக் கடை தொறந்ததும் இத அடிச்சு, வர்றதையெல்லாம் தனித்தனியா தொறந்து வையுங்க. நான் வர்றதுக்குள்ள முழுசா வந்துடும்.”

“ஐயோ, நானா?”

“உப்புக் காத்துல கீபோர்டு பட்டன் இறுகிடுச்சான்னு தெனம் ஒண்ணொண்ணா அமுக்கிப் பாக்கிறது யாரு, நானா?”

அன்று முழுக்க அந்தக் கையில் தண்ணீர் படாமல் வேலை பார்த்தேன்.

விடியற்காலையில் நெட் லைனில் கூட்டம் இல்லை. உள்ளங்கையைப் பார்த்து ஒற்றை விரலால் அடித்தேன். ஒரு எழுத்து தப்பிப் போய் மறுபடி அடித்தேன். கண்ணில் தண்ணீர் வழிய வழிய ஒவ்வொன்றாகத் திறந்து வைத்தேன். சேகர் வந்து பார்த்து, “யாரு தொறந்தது இத?” என்றார்.

“நான்தான்” என்றேன். குனியவில்லை.

சிஸ்டர் வந்து உட்கார்ந்ததும் நேராகப் படிக்க ஆரம்பித்தார். ஒன்றை மட்டும் மூடிவிட்டார். “இத யாரு எழுதினதுன்னே போடல. இது ஆதாரம் ஆவாது.” மற்றதையெல்லாம் பிரிண்ட் எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை தபால் போய்விட்டது.

மார்க் வந்த அன்று பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைக்குள் ஓடி வந்தார். “பாஸுக்கா! பரீட்சைக்கு உக்காரலாம்!” அதே சிவப்பு மையில் ‘மிக நன்று’ என்று இருந்தது. கடைசிப் பக்கத்தில் டாக்டர்கள் பெயருக்குக் கீழே, ‘நேரில் கேட்டது’ என்று போட்டு என் பெயரும் இருந்தது.

அதற்குப் பிறகு தபாலில் படிக்கிற டீச்சர்கள் வந்து எப்படி ‘சர்ச்’ பண்ணுவது, அதாவது தேடுவது, என்று கேட்டால், சேகர் “சர்ச் அக்காவக் கேளுங்க” என்று என் பக்கம் கையைக் காட்டுவார். நான் சொல்வது இவ்வளவுதான். வெறும் பெயரைத் தேடாதீர்கள், அங்கே என்ன கஷ்டம் என்று தேடுங்கள். எழுதியவர் யாரென்று பாருங்கள். நேரம் இல்லையென்றால் முன்கூட்டியே திறந்து வையுங்கள்.

‘சர்ச் அக்கா’ என்ற பெயர் எங்கள் தெரு வரை போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரி குழாயடியில் எல்லார் முன்னாலும் கேட்டாள், “ஏன்டி, நீ எப்ப சர்ச்சுக்குப் போக ஆரம்பிச்ச?”

“போன வருஷத்துலேருந்துதான்” என்றேன். “தெனம் காலையில நான்தான் தொறக்கிறேன்.”