முச்சந்தியில் பூசணிக்காய்

நான் வக்கீல் இல்லை. வக்கீல்களுக்கு டைப் அடித்துக் கொடுத்தவன். கோர்ட்டுக்குப் பக்கத்தில் பல காலம் உட்கார்ந்து மனு அடித்ததில் சட்டம் விரல் வழியாக எனக்குள் ஏறிவிட்டது என்று நானே முடிவு கட்டியிருந்தேன். இப்போது தாமுவே பேட்டையில் வீட்டு முன்னறையில் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் ஒரு கம்ப்யூட்டரும் வைத்துப் பிழைப்பு. தெருவில் என்னை ‘ஷேநே’ என்பார்கள். பர்மியத்தில் வக்கீல் என்று அர்த்தம். அது கிண்டல் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்குத்தான் கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது.

பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த அன்று டீக்கடையில் மேசையைத் தட்டினேன். “அவசரநிலை அறிவிக்க ஜனாதிபதிக்குத்தான் அதிகாரம். அவரையே பிடிச்சு உள்ள வச்சுட்டு, துணை ஜனாதிபதியா இருந்தவர் கையெழுத்துப் போட்டா செல்லுமா? செல்லாது!”

டீக்கடை பாய் டம்ளரைக் கழுவிக்கொண்டே, “ஷேநே சொன்னா சரியாத்தான் இருக்கும். அதை அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுங்க” என்றார்.

அடங்கினேனா? இல்லை. ஒரு வருடம், அதற்கு மேல் ஆறாறு மாதமாக இரண்டு நீட்டிப்பு, அவ்வளவுதான் சட்டம் என்று ஊருக்கே கெடு சொல்லிவைத்தேன். கெடு வந்தது. மறுபடியும் நீட்டினார்கள். எடுத்துப் பார்த்தால் அந்தப் பிரிவில் ‘சாதாரணமாக’ இரண்டு முறை என்று இருக்கிறது. அப்புறம் எத்தனை முறை நீட்டினார்களோ, அத்தனை முறையும் பாய் எனக்கு டீயோடு ஒரு பார்வையும் இலவசமாகக் கொடுத்தார்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் எங்கள் தெருமுனையில் மணல் மூட்டை அடுக்கி சிப்பாய்கள் உட்கார்ந்தார்கள். துப்பாக்கியைத் தாண்டி வந்து ஜெராக்ஸ் எடுக்க எவனுக்கு மனசு வரும்? கடை ஈயோட்டியது. என் மனைவிக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது.

“கண்ணு பட்டுடுச்சு. நீங்க டீக்கடையில வாய் கிழியப் பேசினா படாம என்ன செய்யும்? அமாவாசைக்கு ஒரு பூசணிக்காய் சுத்தி உடைச்சிடுங்க.”

“அரசியல் சட்டம் பேசுறவன் பூசணிக்காய் உடைக்கிறதா? ஆள விடு” என்றேன்.

விட்டுவிட்டாள். அமாவாசை மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில், சாம்பல் பூசணியில் துளை போட்டுக் குங்குமத்தைக் கொட்டி, உச்சியில் சூடத்தைக் கொளுத்தி, கடைக்குத் தானே சுற்றிவிட்டுக் கிளம்பிவிட்டாள். கழித்ததை முச்சந்தியில்தானே உடைக்க வேண்டும்? எங்கள் முச்சந்தியில்தான் மணல் மூட்டைகள் இருந்தன. திருஷ்டிக்கும் ராணுவத்துக்கும் ஒரே இடம் பிடித்துப்போனது என் தலையெழுத்து.

அந்த மாதங்களில் ஊரில் ஆங்காங்கே குண்டு வெடித்துக்கொண்டிருந்தது. கேட்பாரற்ற பையைக் கண்டாலே ஆள் ஓடுவான். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு அம்மாள் வேகமாக வந்து, மேலே நெருப்பு எரிகிற, சிவப்பாக எதையோ ஒழுகவிடுகிற ஒரு உருண்டையைக் காவலின் முன்னால் தூக்கினால் என்ன ஆகும்? ஒரே அதட்டல். பயந்துபோய் உடைக்காமல் அப்படியே தரையில் வைத்துவிட்டாளாம். அது இன்னும் மோசமாகிவிட்டது.

எதிர்வீட்டு பர்மியப் பெண் வந்து என்னை உலுக்கினாள். “உங்க வீட்டு அக்காவைப் பிடிச்சு வச்சிருக்காங்க, ஓடுங்க!”

ஓடினேன். என் மனைவி சுடுதாரில் முட்டி போட்டு, இரண்டு கையையும் தலைமேல் வைத்திருந்தாள். நடுரோட்டில் பூசணிக்காய் புகைந்துகொண்டிருந்தது. மணல் மூட்டைக்குப் பின்னால் பாதித் துப்பாக்கிகள் காயைக் குறிபார்த்தன, மீதி அவளை. எந்தப் பிரிவின்கீழ் பிடித்தீர்கள் என்று கேட்க இத்தனை நாள் ஒத்திகை பார்த்தவன் நான். கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன். கைலி முடிச்சு நெகிழ்ந்தது. வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு பர்மியச் சொல்.

“பயோன்தீ! பயோன்தீ!” பூசணிக்காய், பூசணிக்காய்.

அதிகாரி சின்ன வயசுக்காரன். “ஊலே, பூசணிக்காய்னா நீயே உடைச்சுக் காட்டு” என்றான். மாமா என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டான். துப்பாக்கியை மட்டும் இறக்கவில்லை.

ஒரு கையால் கைலியை முடிந்துகொண்டு போய்க் காயைத் தூக்கினேன். பூசணிக்காய் என்று சத்தியமாகத் தெரியும். இருந்தும் உடம்பில் படாமல் எட்டத் தள்ளியே பிடித்தேன். உடைக்கப் போகும்போது பின்னாலிருந்து அவள் அழுகுரலில் தமிழில் சொன்னாள்: “சும்மா உடைக்காதீங்க. சுத்திட்டு உடைங்க.”

“என்ன சொல்றா?” என்றான் அதிகாரி.

சுற்றினால் கெட்ட கண், பொல்லாத வயிற்றெரிச்சல் எல்லாம் விலகும், ஆபத்து அண்டாது என்று விளக்கினேன். கோர்ட்டில்கூட அவ்வளவு தெளிவாக யாரும் வாதாடியிருக்க மாட்டார்கள். அவன் தெருவின் இரண்டு பக்கமும் மாடி ஜன்னல்களைப் பார்த்தான். எல்லா ஜன்னலிலும் ஆட்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. அவன் குரல் தணிந்தது.

“அப்போ எங்களுக்குச் சுத்து. சுத்திட்டு இவங்களைக் கூட்டிட்டுப் போ.”

சுற்றினேன். தெருவே பார்க்க, மணல் மூட்டை, துப்பாக்கி, தொப்பி எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று சுற்று. பேருக்குச் சுற்றவில்லை. இவர்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாது சாமி, அவளை மட்டும் விட்டுவிடட்டும் என்று உள்ளம் உருகி வேண்டிக்கொண்டேன். மூடநம்பிக்கை பற்றி அப்போது எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. ஓங்கி அடித்தேன். காய் சிதறிக் குங்குமம் என் காலெல்லாம் தெறித்தது. ஒரு சிப்பாய் கும்பிட்டான்.

அவளை எழுந்திருக்கச் சொன்னார்கள். நடந்தோம். பாதித் தெரு வந்த பிறகுதான் பார்த்தேன், இன்னும் அவள் இரண்டு கையும் தலைமேலேயே இருந்தது.

“கையை இறக்கும்மா. விட்டுட்டாங்க.”

அவள் இறக்கவில்லை. நான்தான் ஒவ்வொன்றாகப் பிடித்து இறக்கினேன். வாசலுக்கு வந்ததும் நின்று, தெருமுனையைத் திரும்பிப் பார்த்தாள்.

“அவனுங்களுக்குப் போய் மனசார சுத்திட்டு வந்திருக்கீங்களே,” என்றாள். “இனி எப்பங்க போவானுங்க?”