தோற்பவர்களுக்கு மட்டும்

சீட்டு கண்ணாடிக்கு அடியில் நுழைவதற்குள்ளாகவே டீலியா ஹேக்கெட் அதைத் தலைகீழாகப் படித்து முடித்துவிடுவாள். பிறகுதான் ஆளை நிமிர்ந்து பார்ப்பாள். ஒரே குதிரை, ஒரே வரி, காலை நேரம், "இந்த நிமிஷத்து விலைக்கே போடு" என்ற கண்டிப்பு. இதெல்லாம் சேர்ந்திருந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். வந்திருப்பவர் விஷயம் தெரிந்தவர். ஐந்து குதிரைகளை ஒன்றாகக் கோத்து, ஐந்தும் ஜெயித்தால் வீடு வாங்கலாம் என்கிற மாதிரி எழுதியிருந்தால் பேசாமல் வாங்கிப் போடுவாள். அந்த ஆள் சாயங்காலம் வரைக்கும் டிவிகளுக்குக் கீழேயே நிற்பார், குதிரைகள் தீர்ந்துபோனதும் கணினியில் ஓடும் பொம்மை நாய்கள்மீதும் பணம் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

அயர்லாந்தில் டிப்பெரரிப் பக்கம் கில்பாரன் என்கிற சின்ன ஊரில் மிச்சமிருக்கும் ஒரே பந்தயக் கடை அது. டீலியாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஊரில் யாருக்கு முட்டிவலி, யார் வீட்டு நாய் யாரைக் கடித்தது என்பதுவரை அவளுக்குத் தெரியும். ஆனால் கணினியில் யாரையும் சொந்தப் பெயரில் பதியக்கூடாது, ஓர் அடையாளம் போட்டால் போதும் என்பது கம்பெனி உத்தரவு. அதனால் அவள் திரையில் பால்வண்டி, ஒற்றைக் கம்மல், மூக்குச்சளி என்று ஒரு தனி ஊரே இருக்கிறது. யார் எதைக் கட்டினாலும் அந்தப் பெயரைத் தொட்டுவிட்டுத்தான் பந்தயத்தை அனுப்ப வேண்டும். டப்ளின் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் சீக்கிரமே ஆளைத் தரம் பிரித்துவிடுவார்கள்.

தரம் இரண்டே இரண்டுதான். தோற்கிறவருக்குப் பெயர் 'பொழுதுபோக்கு வாடிக்கையாளர்'. ஜெயிக்கிறவருக்குப் பெயர் 'தொழில்காரர்'. உண்மையில் ஜெயிக்க வேண்டும் என்றுகூட இல்லை. காலையில் ஒன்றுக்கு எட்டு கொடுக்கிற குதிரை, ஓடும் நேரத்தில் ஒன்றுக்கு நாலு என்று இறங்கிவிட்டால், எட்டில் வாங்கியவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். குதிரை கடைசியாக வந்தாலும் அவர்மேல் குறி விழுந்துவிடும். அடுத்த முறை அவர் இருபது யூரோ நீட்டினால், இரண்டு யூரோவுக்கு மேல் வாங்காதே என்று திரை சிவப்பாக எரியும்.

"கடையைத் திறந்து வச்சுக்கிட்டு, வாங்கத் தெரிஞ்சவன் மட்டும் வராதேன்னா அதுக்குப் பேரு வியாபாரமா?" என்பாள் டீலியா. "எங்க அப்பன் ஆட்டுச் சந்தையில ஏமாந்தாருன்னா தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வருவாரு. வாங்க வந்தவன் விவரமானவன்னு போலீசைக் கூப்பிட்டதில்ல."

அவள் கடையில் அந்தச் சிவப்பு முதலில் எரிந்தது பியானோ டீச்சருக்கு. திருமதி பிரெண்டர்காஸ்ட் என்பது அவர் பெயர். ஓய்வு பெற்றவர், எந்த மழைக்கும் ஒரே பச்சைக் கோட்டு. டீலியாவின் திரையிலும் அவர் பச்சைக்கோட்டுதான். அவர் வீட்டுக்குப் பின்னால் ஒருவர் குதிரைகளைப் பழக்குகிறார். டீச்சர் தினமும் வேலியோரம் நின்று பார்ப்பார், வாரத்துக்கு ஒரு குதிரைமேல் இருபது யூரோ வைப்பார். ஒரு வசந்த காலத்தில் கொஞ்சம் ஜெயித்துவிட்டார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

"ரெண்டு யூரோவா?" என்று டீச்சர் கேட்டார். "நான் இருபது வச்சா உங்க கம்பெனி தெருவுக்கு வந்துடுமா, டீலியா?"

"நான் என்ன டீச்சர் செய்யட்டும். மேல இருந்து சொல்றாங்க."

"சொல்றவங்ககிட்டச் சொல்லு. இனிமே உங்க கடைப் பேனாவைக்கூடத் தொடமாட்டேன்." சொன்னபடியே அதற்கப்புறம் அவர் வரவில்லை.

கிறிஸ்டி லூபி கதை வேறு. வேலை பார்த்த இறைச்சி ஆலையை மூடியபோது நஷ்டஈடாகக் கைக்கு வந்த மொத்தப் பணத்தோடு கடைக்குள் நுழைந்தவர் அவர். வீட்டுக் கடனை அடைப்பதற்கான பணம் அது. அதை விட்டால் வேறு வழியில்லை என்று அவர் மனைவி பிரீடா, முதியோர் இல்லத்து வேலை முடிந்து சீருடையோடு கடை வாசலில் நின்று டீலியாவிடம் சொல்லியிருக்கிறாள். கிறிஸ்டி நல்ல மனிதர். ஹர்லிங் ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கடையே சிரிக்கும். கையில் பேனா வந்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். பாதிப் பணம் கோடைக்குள் போய்விட்டது. ஏதோ சலுகைப் படிவத்தில் அவர் எழுதிக் கொடுத்திருந்த பிறந்தநாளைக்குக் கம்பெனி தன் காசில் ஓர் இலவசப் பந்தயம் அனுப்பியது. பிரீடாவுக்கே அந்தத் தேதி மறந்துபோயிருந்தது, கம்பெனிக்கு மறக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை அவரே கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு சொன்னார்: "டீலியா, என்கிட்ட ரெண்டு யூரோவுக்கு மேல வாங்காதே. நான் கத்தினாலும் வாங்காதே. உள்ள வந்து நின்னு பேசிட்டுப் போறேன், அது போதும்."

டீலியா டப்ளினுக்கு போன் போட்டாள். ஆரன் என்கிற பையன் எடுத்தான். குரல் பாகு மாதிரி இருக்கும்.

"கட்டுப்பாடா? எதுக்கு, டீலியா? அவர் பொழுதுபோக்கு வாடிக்கையாளர் ஆச்சே. கட்டுப்பாடு எல்லாம் தொழில்காரங்களுக்குத்தான். வேணும்னா வரவே மாட்டேன்னு அவர் கையெழுத்துப் போட்டுத் தரட்டும்."

"வரமாட்டேன்னு அந்த மனுஷன் சொல்லலையே. கொஞ்சமா ஆடுறேங்கிறாரு."

"அப்படி ஒரு வழி சிஸ்டத்துல இல்ல."

பியானோ டீச்சருக்கு ஒரே நாளில் இருந்த வழி இவருக்கு மட்டும் இல்லையாம். வேலியோரம் நின்று பார்க்கிற கிழவியை மோப்பம் பிடிக்கிற யந்திரத்துக்கு, வீட்டையே கொண்டுவந்து கொட்டுகிற மனிதன் கண்ணுக்குத் தெரியவில்லை. இதற்குப் பெயர் பொழுதுபோக்கு. டீலியா போனை வைத்த வேகத்தில் தேநீர்க் கோப்பை கவிழ்ந்து, அன்றைய பந்தயத் தாள் முழுக்க நனைந்தது.

அவளாகவே மறுத்துவிடலாமே என்று கேட்கலாம். மறுத்துப் பார்த்தாள். புதன்கிழமையே கிறிஸ்டி முந்நூறு யூரோவோடு வந்தார். "வீட்டுக்குப் போ கிறிஸ்டி" என்றாள். "கம்பெனி வாங்குது, உனக்கு என்ன? நீ எனக்கு அம்மாவா?" என்று அவர் சத்தம் போட்டதைக் கூரையில் இருந்த கேமரா டப்ளினுக்குச் சொன்னது. இன்னொரு முறை தன்னிஷ்டத்துக்கு வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பினால் வேலை இருக்காது என்று எழுத்தில் வந்தது.

அடுத்த நாள் கிறிஸ்டியின் சீட்டை வாங்கிய டீலியா, அவருடைய அடையாளத்தைத் தொடாமல் பச்சைக்கோட்டைத் தொட்டாள். திரை உடனே சிவந்தது. இரண்டு யூரோ.

"மேல இருந்தே சொல்லிட்டாங்க" என்றாள்.

டீலியா சொன்னால் சண்டைக்கு வருகிற கிறிஸ்டி, யந்திரம் சொன்னதும் இரண்டு யூரோ நாணயத்தை எடுத்து வைத்தார். பிறகு மெல்ல மார்பு விரிந்தது. "பாத்தீங்களாடா? லூபியைக் கண்டாக் கம்பெனிக்குப் பயம் வந்துடுச்சு. தொழில்காரன்னு முத்திரை குத்திட்டாங்க." மூக்குச்சளி என்று பதிவாகியிருந்த கிழவர் எழுந்துவந்து அவருக்குக் கை கொடுத்தார். வாழ்க்கையில் யாரும் கிறிஸ்டியைப் பார்த்துப் பயந்ததில்லை. அந்தப் பெருமையில் அவர் வேறு ஊருக்குக் கடை தேடிப் போகவில்லை. தினமும் வந்தார், இரண்டு யூரோவுக்கு ஐந்து குதிரைகளைக் கோத்தார், தோற்றார், பேசிச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனார். ஞாயிறு பூசையில் பிரீடா டீலியாவின் முழங்கையைத் தொட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

குளிர்காலம் பாதி போனபோது, ஒரு சனிக்கிழமை காலை ஆரன் கூப்பிட்டான்.

"நல்ல செய்தி, டீலியா. உங்க பச்சைக்கோட்டு திருந்திட்டாங்க."

"என்னது?"

"முன்னாடி எவ்வளவு தொல்லை கொடுத்தாங்க. இப்போ பாருங்க, தினமும் வர்றாங்க, அஞ்சு குதிரை கோக்குறாங்க, தொடர்ந்து தோக்குறாங்க. அருமையான வாடிக்கையாளர். கட்டுப்பாட்டை எடுத்தாச்சு. எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்குங்க. ஐம்பது யூரோவுக்கு ஒரு இலவசப் பந்தயமும் போட்டு வச்சிருக்கோம்."

திருந்திட்டாங்க என்கிறான் பாவி. ஜெயித்தால் தொல்லை, தோற்றால் திருந்திவிட்டார்கள். எந்தப் பெயரில் ஒளித்து வைத்தாலும் தோற்கிறவனை இவர்கள் தேடிக் கண்டுபிடித்து உபசரிப்பார்கள். டீலியாவுக்குக் காது இரண்டும் சூடேறியது. "சரி" என்று மட்டும் சொன்னாள்.

மதியம் கிறிஸ்டி வந்தார். நனைந்த சட்டைக்குள் இருந்து ஒரு உறையை எடுத்தார். வீட்டை விட்டு வெளியே வந்திருக்கக்கூடாத உறை அது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

"ஆயிரத்து அறுநூறு. கடைசிப் பணம். இன்னிக்கு மிஷின் எடுத்துக்கும்னு மனசு சொல்லுது. கேட்டுப் பாரேன், டீலியா."

அவள் பச்சைக்கோட்டைத் தொட்டாள், தொகையை அடித்தாள். திரை பச்சையானது. முழுத் தொகையும் சம்மதம், இலவசப் பந்தயமும் சேர்த்துக்கொள்ளவா என்று கீழே ஒரு வரி மின்னியது. கூரையில் கேமரா தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. கிறிஸ்டியின் பக்கத்திலிருந்து பார்த்தால் திரை தெரியாது, டீலியாவின் முகம் மட்டும்தான் தெரியும்.

"ரெண்டுதான் எடுக்குமாம், கிறிஸ்டி."

"இன்னொரு தடவை கேளு."

டீலியா பொத்தான்களை அழுத்தாமல் அவற்றின்மேல் விரல்களை ஓட்டினாள், கொஞ்ச நேரம் காத்திருந்தாள், தலையை ஆட்டிவிட்டு உறையைக் கண்ணாடிக்கு அடியில் திருப்பித் தள்ளினாள்.