பகவதிக்கு வாங்கிய பட்டு

2010ஆம் ஆண்டு, தை மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை காலை. சிதறால் மலைக் கோயிலுக்கு ஏறும் கல் பாதையில்தான் அது நடந்தது. எனக்கு அப்போது வயது முப்பது. கருங்கல் என்ற ஊர்ப்பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். எதையும் ஆண்டும் மாதமும் வைத்துச் சொன்னால்தான் எனக்குத் திருப்தி. அதனால் கொஞ்சம் முன்னாலிருந்தே தொடங்குகிறேன்.

கல்யாணம் நடந்தது 2006 ஆவணியில். 2008 ஆடியில், குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. திருவனந்தபுரத்தில் அறுவை சிகிச்சை செய்து மார்பை எடுத்தார்கள். அதன்பிறகு கீமோ, கதிர்வீச்சு. 2009 சித்திரையில் எல்லாம் முடிந்தது. கொட்டிய முடி சுருட்டை சுருட்டையாக முளைத்தது. மரத்துப்போன நாக்குக்கு மீன்குழம்பின் ருசி திரும்பி வந்தது. மாதவிலக்கு மட்டும் திரும்பவில்லை. கீமோ தொடங்கிய கொஞ்ச நாளிலேயே நின்றுபோனதுதான்.

பிள்ளை பெற்றுக்கொள்ள முடியுமா என்று டாக்டரிடம் கேட்டேன். நடுத்தர வயது மலையாளிப் பெண்மணி. எனக்காகத் தமிழ் பேசுவார். "சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது. உறப்பா ஒண்ணும் சொல்ல முடியாது. முதல்ல அது வரட்டும், பின்ன நோக்கலாம்" என்றார். என் கட்டி, பிள்ளைப்பேற்றை வருஷக்கணக்கில் தள்ளிப்போட வைக்கும் ஹார்மோன் மாத்திரை தேவைப்படாத வகை என்பது ஒன்றே ஆறுதல். ஆக, என் ஆசை முழுவதும் அந்த ஒரு வாசலில் போய் நின்றுவிட்டது.

இங்கே என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மாமி என்றுதான் கூப்பிடுவோம். மாமிக்குத் தீட்டு விஷயத்தில் மகா கண்டிப்பு. கல்யாணமான புதிதில் மாதத்தில் மூன்று நாள் எனக்குப் பின்கட்டு அறையில் தனிப் பாய், தனித் தட்டு. ஊறுகாய் ஊறும் பீங்கான் பரணி இருக்கும் பக்கமே போகக் கூடாது. நான் படித்ததையெல்லாம் எடுத்து வைத்து வாதாடிப் பார்த்தேன். "நீ படிச்சவதான், நான் இல்லேண்ணு சொல்லல்ல. பரணியத் தொடாத" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சிகிச்சைக்குப் பிறகு மாதம் முழுக்க எந்தப் பரணியையும் நான் தொடலாம் என்றாகிவிட்டது. கேட்டுக் கிடைக்காத அந்தச் சுதந்திரம் கேட்காமல் கிடைத்தபோது, அதைப்போல என்னை வாட்டியது வேறொன்றும் இல்லை. மாமியும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஒருநாள் மாமியின் தங்கை வீட்டுக்கு வந்தார். "உயிரு கிட்டுனதே பெரிய காரியம் மக்கா. இனி பிள்ளைக்கெல்லாம் ஆசப்படாண்டாம்" என்றார். நான் பதில் சொல்லுமுன் அடுக்களையிலிருந்து மாமியின் குரல் வந்தது. "அவ ஆசப்படதுக்கு ஒனக்கிட்ட அனுமதி கேக்கணுமாட்டி? சாயா ஆறுகு, குடி." அந்த வாரமே மாமி பகவதி அம்மனுக்கு ஒரு பட்டு வாங்கினார். சிவப்பில் மஞ்சள் கரை போட்டது. தை வெள்ளியில் சிதறாலுக்குப் போய்ச் சாத்தி, பிள்ளை கேட்பது என்று முடிவானது.

சிதறால் எனக்குப் பிடித்த இடம். மேலே பாறைக்கு அடியில் சமணத் துறவிகள் இருந்த குகை, பாறைச் சுவரில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். அதுவே பிற்காலத்தில் பகவதி கோயிலானது. ஏறும்போது மாமியிடம் ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனேன்.

"ஒம்பதாம் நூற்றாண்டு அங்கதான் இருக்கும், எங்கயும் போவாது. நீ காலப் பாத்து வை" என்றார் மாமி.

என் கணவர் தேங்காயும் மட்டி வாழைப்பழக் குலையும் சுமந்து முன்னால் போய்விட்டார். பாதி தூரம் ஏறியிருப்போம். அடிவயிற்றில் லேசாக ஒரு பிடி பிடித்தது. ஏறின களைப்பு என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் நடந்ததும் தெரிந்துவிட்டது. ஒரு வருடத்துக்கு மேல் மறந்திருந்தாலும் பெண்ணுக்கு அது மறக்குமா? பாதையோரப் பாறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னட்டி, தலை சுத்துகா?"

"மாமி, நான் கோயிலுக்கு வரக்கூடாது."

மாமியின் முகம் சுருங்கிவிட்டது. நோய் வந்த பெண் மனசு வெறுத்துப் பேசுகிறாள் என்று நினைத்திருப்பார். "அப்பிடியெல்லாம் சொல்லப்பிடாது மக்கா..." என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். பிறகு என் சேலையைப் பார்த்தார்.

"வந்திட்டா? உள்ளதத்தானாட்டி சொல்லுக?"

நான் தலையை ஆட்டினேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இந்த மாதிரி விஷயத்தை ஆண்பிள்ளைகள் காதில் விழாமல் வாழ்நாளெல்லாம் கிசுகிசுத்தே பேசிவந்த என் மாமி, மலையைப் பார்த்து ஓங்கிக் கத்தினார்.

"லேய் மக்கா! நில்லுலே! மேல போவாத!"

என் கணவர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். குலையிலிருந்து பழங்கள் உதிர்ந்து கல்லில் உருண்டன. ஒரு வருடமாக, யாராவது என் பெயரைச் சத்தமாகச் சொன்னாலே அவர் முகம் வெளுத்துவிடும். "என்னம்மா? என்ன ஆச்சு அவளுக்கு?"

"பேடிக்காத. பெண்ணுங்களுக்கு மாசாமாசம் வாறது வந்திருக்கு."

அவர் தேங்காயைக் கீழே வைத்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரப்பர் தோட்டங்கள் தெரியும் பக்கமாகத் திரும்பி நின்றார். தோள் குலுங்குவது தெரிந்தது. "பிள்ளை இல்லாட்டி என்ன, நீ இருக்கேல்லா" என்று எத்தனையோ தடவை சொன்ன மனிதர். அவருக்குள்ளும் அந்த ஆசை அவ்வளவு இருந்தது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

எழுந்தால் சேலைக் கறை தெரியும். அதை எப்படிச் சமாளிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மாமி பையைத் திறந்தார். பகவதிக்கு வாங்கிய பட்டை எடுத்து உதறி, என் இடுப்பில் சுற்றத் தொடங்கினார்.

"ஐயோ மாமி, வேண்டாம்! இது அம்மனுக்குள்ளது!"

"அவளும் பெண்ணுதான. கோவிக்க மாட்டா. பேசாம நில்லு."

சின்னப் பிள்ளைக்குப் பாவாடை கட்டிவிடுவதுபோல இறுக்கி முடிச்சுப் போட்டார். பரணியைத் தொடவிடாத கை அது. அம்மனுக்கு மாதவிலக்கு வருவதையே விழாவாகக் கொண்டாடும் கோயில் ஒன்று கேரளத்தில் இருப்பதாக நான் படித்திருந்தேன். மாமி அதைப் படித்தவர் இல்லை. படிக்கத் தேவையும் இருக்கவில்லை.

கீழேயிருந்து பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகள் கூட்டமாக ஏறி வந்தார்கள். நாங்கள் இறங்கத் தயாராவதைப் பார்த்து ஒருத்தி கேட்டாள். "பாட்டி, கோயில் பூட்டியாச்சா?"

"தொறந்துதான் இருக்கு மக்கா. எங்களுக்கு வந்த சோலி இங்கேயே தீந்துட்டு" என்றார் மாமி. மட்டிப்பழக் குலையை ஆளுக்கு ஒன்றாக அந்தப் பிள்ளைகளுக்குப் பிய்த்துக் கொடுத்துத் தீர்த்துவிட்டுத்தான் மலை இறங்கினோம்.

அன்றைக்கே எல்லாம் கைகூடிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். இது நல்ல இரத்தமா, வேறு ஏதாவதா என்ற பயம் அன்று மாலையே வந்துவிட்டது. அடுத்த வாரம் டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "பயப்படாண்டாம், இது அதுதான்" என்றார். ஆனாலும் மாதவிலக்கு வந்தாலே பிள்ளை உறுதி என்று நினைக்க வேண்டாம், நோய் திரும்புகிறதா என்றும் பார்க்க வேண்டும், பொறுத்திரு என்றார். பொறுத்திருந்தோம். 2011 பங்குனியில், இனி முயற்சி செய்யலாம் என்று அனுமதி கிடைத்தது. அந்த வருடம் ஐப்பசியில் நாள் தள்ளிப்போனது. பரிசோதனைக் குச்சியில் இரண்டு கோடு தெரிந்தபோது, நம்பாமல் இன்னொன்று வாங்கிவரச் சொன்னேன். என் கணவர் கடையில் நான்கு வாங்கிவந்தார்.

2012 ஆனியில் நாகர்கோவிலில் மகள் பிறந்தாள். பிரசவ வார்டுக்கு மாமியின் தங்கை பால்பொடி டப்பாவோடு வந்தார். நல்ல மனசோடுதான் வந்தார், குறை சொல்ல மாட்டேன். "ஒண்ண வச்சி பிள்ளைக்குப் பால் எப்பிடிட்டி காணும்?" என்றார். எனக்கும் உள்ளூர அதே கேள்விதான்.

மாமி யோசிக்கவே இல்லை. "ரெட்டப் பிள்ள பெத்தவ ஆளுக்கு ஒண்ணுதான குடுக்கா? இங்க ஒரு பிள்ள, ஒரு மொல. கணக்கு சரியாத்தான் இருக்கு."

வார்டே சிரித்தது. பக்கத்துக் கட்டிலில் தையல் போட்டுக் கிடந்த பெண், "எக்கா, சிரிக்க வைக்காதீங்க, வலிக்கு" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் மகள் வலது பக்கம் வாய் வைத்து இழுக்கத் தொடங்கினாள். முதலில் ஒன்றும் வரவில்லை. அவள் விடவும் இல்லை. மூன்றாம் நாள் பால் சுரந்து ரவிக்கை நனைந்தபோது, அதை மறைக்க எனக்குத் தோன்றவே இல்லை.

தடுப்பூசி போடப் போன இடத்தில் எடை பார்த்த நர்ஸ், மகளின் தொடை மடிப்பைக் கிள்ளி, "என்னம்மா குடுக்கீங்க இவளுக்கு?" என்று கேட்டார். "தாய்ப்பால் மட்டும்தான் சிஸ்டர், அதுவும் ஒரு பக்கம்" என்றேன். அவர் புரிந்துகொண்டார். எடையை எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக வாசித்தார்.

இன்றும் வருடம் தவறாமல் திருவனந்தபுரத்துக்குப் பரிசோதனைக்குப் போகிறேன், முடிவு கைக்கு வரும்வரை பயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எடுத்தது போக மிச்சமிருந்த உடம்பு இத்தனை பெரிய காரியத்தைச் செய்து முடித்தது என்ற பெருமை, அந்தப் பயத்துக்கு முன்னாலேயே வந்து என் பக்கத்து நாற்காலியில் இடம் பிடித்துக்கொள்கிறது.